வளவுக்குள்ளேயே தக்காளிப் பசளை

சமையலறைக்கு நாள்தோறும் வேண்டிய பொருள் தக்காளி. அதன் விலையோ ஒரு மாதம் தரையில் கிடக்கும், மறு மாதம் கூரையில் ஏறி உட்காரும். வீட்டுக்குப் பின்னால் நாமே பத்துச் செடி வைத்தால் என்ன என்று நினைக்காத இல்லத்தரசி இருக்க மாட்டார். நீங்களும் வைத்துப் பார்த்திருப்பீர்கள். செடி பச்சைப் பசேலென்று வளரும், காயைக் காணோம். காய்த்தாலும் அடிப்பக்கம் கறுத்து அழுகும். உடனே அயல் வீட்டில் இருந்து ஆலோசனை வரும். முட்டைக்கோதை நொறுக்கிப் போடுங்கள், அடுப்புச் சாம்பலைக் கொட்டுங்கள் என்பார்கள். உங்கள் மண் எப்படிப்பட்டது என்று கேட்டுவிட்டுச் சொல்பவர்கள்தாம் குறைவு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கில் உள்ள வட்டுக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் எல்லோரும் அறிந்த ஊர். நமக்கு இங்கே வேண்டியது அந்த அரசியல் அல்ல, அந்த ஊரின் மண்ணும் கிணறும். மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் சேரும் வழுக்கையாற்றை விட்டால் அங்கே ஆறு கிடையாது. குடிக்க, குளிக்க, பயிருக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் நிலத்தடி நீர்தான். குடாநாட்டு நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தச் சுண்ணாம்புதான்.

ஆகவே இத்தகைய நிலத்தில் முட்டைக்கோதால் பெரிய பலன் இல்லை. சுண்ணாம்புச் சத்து அங்கே ஏற்கெனவே நிறைய உண்டு. கோதும் கார மண்ணில் எளிதில் கரையாது. காயின் அடி கறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவது. நீர் ஒழுங்காகக் கிடைத்தால்தான் வேர் எடுக்கும் சுண்ணாம்புச் சத்து காய்வரை போய்ச் சேரும். காலையில் அளவாக ஊற்றி, செடியின் அடியில் வைக்கோலோ சருகோ பரப்பிவிடுங்கள். சாம்பலும் காரமானதுதான். அதிகம் போட்டால் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாகிவிடும்.

அந்த மண்ணுக்கு வேண்டியது மக்கிய இலையும் எருவும்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் இதைப் பழைய காலம் தொட்டே அறிந்திருந்தார்கள். பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்ப்பார்கள், இரவில் ஆட்டுப்பட்டி அடைத்து நிலத்துக்கு எரு சேர்ப்பார்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் யூரியா வடக்குக்கு வராமல் போன வருடங்களில் கைகொடுத்தவை இவைதாம்.

இப்போது கூட்டெரு செய்யும் முறைக்கு வருவோம். ஆவணி மாதத்தில் தொடங்கினால் மாரி மழை ஓயும் வேளைக்குப் பசளை தயாராக இருக்கும். நிழலான இடத்தில், கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி, மூன்றடி நீள அகலத்துக்கு இடம் ஒதுக்குங்கள். கிடங்கு வெட்டினால் மழைநீர் தேங்கிச் சத்தெல்லாம் கீழே இறங்கிவிடும், நிலத்தின் மேல் குவிப்பதே நல்லது. அடியில் ஒரு முழத்துக்கு வைக்கோல், தென்னோலைத் துண்டு, சருகு. அதன் மேல் வேலிக் கிளிசரிடியா, பூவரசு, முருங்கை இலைகளும் காய்கறித் தோலும் வாழைப்பழத் தோலும். அதன் மேல் மாட்டுச் சாணமோ ஆட்டெருவோ கரைத்துத் தெளித்து, ஒரு கை மண் தூவுங்கள். இப்படியே மூன்றடி உயரம் வரை அடுக்குங்கள். பச்சை ஒரு பங்கென்றால் காய்ந்தது இரண்டு பங்கு இருக்கட்டும். பச்சை கூடினால் நாறும், குறைந்தால் மக்காது.

ஒரு வாரத்தில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். பயப்படாதீர்கள், களை விதையையும் நோய்க் கிருமியையும் அழிப்பது அந்தச் சூடுதான். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக வைத்திருங்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் கறுத்துப் பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். சாண நாற்றம் இருந்தால் இன்னும் பொறுங்கள்.

நம் வீடுகளில் மிஞ்சும் இறைச்சிக் கறி, எலும்பு, கருவாட்டுத் தலை இவற்றைக் குவியலில் போட வேண்டாம். நாயும் எலியும் வரும் என்பது ஒன்று. சமைத்த உணவின் உப்பு இன்னொன்று. கடலேரியை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீரே பல இடங்களில் உவராக இருக்கையில், நாமும் உப்பைச் சேர்ப்பானேன்? நோயில் வாடிய தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடிகளையும் விலக்குங்கள்.

நாற்று நடும் குழிக்கு நான்கு சிரட்டை கூட்டெரு, முதல் பூ வரும்போது தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி இன்னும் இரண்டு சிரட்டை, அவ்வளவுதான். செடி மெலிந்திருந்தால் மட்டும் கரைசல் கொடுங்கள். ஒரு வாளி கிளிசரிடியா இலை, கால் வாளி சாணம், பீப்பாய் நிறையத் தண்ணீர், இரண்டு வாரம். பிறகு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, இலையிலும் காயிலும் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள். நாற்றம் மூக்கைத் துளைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பீப்பாயைத் துணியால் இறுகக் கட்டி மூடாவிட்டால் நுளம்பும் பெருகும்.

“இயற்கைப் பசளைதானே, அள்ளி அள்ளிப் போடலாம்” என்று எண்ணிவிடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், பூ உதிரும். அதைவிடப் பெரிய விஷயம் கிணறு. மண்ணில் மிஞ்சும் தழைச்சத்து நைத்திரேற்றாக மாறி, வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் வழியே நிலத்தடி நீரில் இறங்குகிறது. பல காலம் இரசாயனப் பசளை கொட்டிய வலிகாமத்தின் பல கிணறுகளில் இது, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாணமும் அளவு மீறினால் அதே வேலையைத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைப்பவர்கள் கவனிக்க வேண்டும். இந்த நீரால் பிள்ளையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்றி இன்னும் செறிவாகும். தோட்டம் சூழ்ந்த வீட்டுக் கிணறு என்றால் நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்கு வேறு நீர்.

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, விளைச்சல் சரிந்த பின் நவம்பரில் விலக்கிக்கொண்டது. நாடு முழுவதன் வயலுக்கும் ஒரே பருவத்தில் எரு எங்கிருந்து வரும்? பத்துத் தக்காளிச் செடியின் கணக்கு அப்படியல்ல, வேலியோரத்து இலையும் அடுப்படித் தோலும் அதற்குத் தாராளம். கார்த்திகை நடுவில் விதை போட்டு, மார்கழியில் பெருமழை ஓய்ந்ததும் நாற்றை நட்டால் மாசி கடைசியில் முதல் பழம் பறிக்கலாம். அடுத்த முறை அதே பாத்தியில் தக்காளியோ கத்தரியோ வேண்டாம், பயற்றை நடுங்கள்.