ஒரே கல்லூரி, இரண்டு கட்டணம்: கிறிஸ்தவக் கல்லூரியில் சேரும் முன்

பிளஸ் 2 முடிவு வந்ததும் காஞ்சிபுரம் அருகேயுள்ள திருப்புட்குழியின் நெசவாளர் வீடுகளில் எழும் கேள்வி, பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது. ஊரை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பழைய கிறிஸ்தவக் கல்லூரிகள் இருக்கின்றன. 'பேர் பெற்ற கல்லூரி' என்று நம்பிப் போகும் பெற்றோர், பணம் கட்டும் நாளில் திகைக்காமல் இருக்கச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

எப்படி வந்தன?

1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. காஞ்சிபுரத்தில் அவர் பெயரால் இன்றும் ஒரு பள்ளி நடக்கிறது. வேலூரில் ஊரீசு கல்லூரி 1898இலும், சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915இலும், இலயோலா 1925இலும் தொடங்கின. எல்லாச் சமயப் பிள்ளைகளும் இவற்றில் படித்தார்கள். ஊரீசிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன், எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வு செய்தது வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி. ராமானுசர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதாக வைணவ மரபு போற்றும் திருப்புட்குழிக்கு வேதாந்தக் கல்வி அந்நியமான செய்தி அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

கிறிஸ்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு தருகிறது. 2005இல் செய்யப்பட்ட 93ஆம் திருத்தம், தனியார் கல்லூரிகளில் அரசு இடஒதுக்கீடு கொண்டுவர வழிசெய்தபோது, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) தொடர்ந்த வழக்கில், மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டணம் ஏன் மாறுகிறது?

பழைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்தில் இரண்டு ஏற்பாடுகள் நடக்கின்றன. அரசு உதவி பெறும் 'எய்டட்' பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருகிறது. அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் சம்பளம் மாணவர் கட்டும் பணத்திலிருந்தே போக வேண்டும். அதனால் கட்டணம் கூடுகிறது. இலயோலா போன்ற கல்லூரிகளில் இவை முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என நடக்கின்றன. புதிய பாடங்கள் பெரும்பாலும் சுயநிதியாகவே தொடங்கப்படுகின்றன. கல்லூரியின் பெயர் ஒன்றுதான், சுமை ஒன்றல்ல.

என்ன செய்ய வேண்டும்?

விண்ணப்பிக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பாடம் எய்டட்டா, சுயநிதியா? விடுதி, தேர்வுக் கட்டணம் உட்பட மூன்றாண்டுக்கும் மொத்தம் எவ்வளவு? எந்த உதவித்தொகை கிடைக்கும்? அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த பெண் என்றால், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பற்றி மறக்காமல் விசாரியுங்கள்.

ஏழைக்கும் பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் கதவைத் திறந்ததால் வந்ததே இக்கல்லூரிகளின் மதிப்பு. காலியாகும் எய்டட் ஆசிரியர் இடங்களை அரசு உடனுக்குடன் நிரப்ப அனுமதிக்க வேண்டும். கல்லூரிகள் முழுக் கட்டணத்தையும் சேர்க்கைக்கு முன்பே தமிழில் வெளியிட வேண்டும். சிறுபான்மை உரிமையைக் காக்கக் குரல் கொடுக்கும் நிர்வாகங்கள், தறி வருமானத்தில் படிக்க வரும் பிள்ளையின் உரிமைக்கும் அதே குரலைக் கொடுக்க வேண்டும்.