புகைபோக்கியின் கூரை

டொராண்டோவின் பழைய குடியிருப்புகளான கேபேஜ்டவுன், ரிவர்டேல் பகுதிகளில் நூறு வயதைத் தாண்டிய வீடுகள் ஏராளம். சிவப்புச் செங்கல் சுவர், சரிவான கூரை, அதைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கும் ஒரு செங்கல் புகைபோக்கி. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று நிதானமாகப் பார்த்தால் இந்த வீடுகள் பலவற்றில் ஒரு விசித்திரம் தெரியும். சுவரும் புகைபோக்கியும் ஒரே ஆண்டில் ஒரே கொத்தனார் கட்டியவை. சுவர் இன்றும் திடமாக இருக்கிறது. புகைபோக்கியின் மேல்வரிசைகளில் மட்டும் செங்கல்லின் முகம் உரிந்து, இடையிலிருந்த சாந்து உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருக்கிறது. பனிக்காலம் முடிந்ததும் கூரையிலும் முற்றத்திலும் மெல்லிய செங்கல் சில்லுகள் கிடக்கின்றன. பல ஆண்டுகள் தீயும் புகையும் பட்டதால் இப்படி ஆனது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தீ காரணமென்றால் அடுப்பை ஒட்டிய கீழ்ப்பகுதி அல்லவா முதலில் கெட்டிருக்க வேண்டும்? கெடுவது உச்சி. பழைய புகைபோக்கியைக் கொல்வது தண்ணீர். அது உள்ளே இறங்கும் முதல் வழி உச்சியில் இருப்பதால், பழுதுபார்ப்பதையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வளர்ந்து, இந்த ஊரில் பழைய வீடு வாங்கும் ஒருவருக்குப் புகைபோக்கி முன்பின் பழகாத உறுப்பு. அதன் உச்சியில் இருப்பதோ கீழே நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

மேலே ஏறிப் பார்த்தால் இரண்டு பொருள்கள் தெரியும். வெளியே செங்கல் கூடு. அதற்குள் புகை செல்லும் சுடுமண் குழாய், சுமார் இரண்டடி நீளத் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது. மிகப் பழைய புகைபோக்கிகளில் இந்தக் குழாயே இருக்காது. கூட்டுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள பரப்பை உச்சியில் மூடும் காரைத் தட்டைத்தான் கிரௌன் என்கிறார்கள். குழாயின் வாய்க்கு மேலே கால் ஊன்றி நிற்கும் உலோக மூடி, கேப். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது உண்டு. ஆனால் கேப் காப்பது குழாயின் வாயை மட்டுமே. மழையும் ரக்கூனும் உள்ளே போகாமலும், நெருப்புப் பொறி வெளியே பறக்காமலும் அது பார்த்துக்கொள்ளும். மற்றப் பரப்பு முழுவதையும் காப்பது கிரௌன். அதுதான் புகைபோக்கியின் கூரை. புத்தம்புதிய எவர்சில்வர் கேப் பளபளக்கும் புகைபோக்கியிலும் செங்கல் உரிந்துகொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

பழைய வீடுகளில் இந்தக் கூரையைக் கட்டிய விதமே கோளாறு. கொத்தனார் கடைசிச் செங்கல் வரிசையை முடித்துவிட்டு, பலகையில் மிஞ்சிய சாந்தையே மேலே போட்டு, குழாயிலிருந்து வெளிப்புறமாகச் சரித்துத் தேய்த்துவிடுவார். குழாயை ஒட்டிய இடத்தில் மூன்று நான்கு அங்குலக் கனம் இருக்கும்; செங்கல்லின் விளிம்புக்கு வரும்போது அது காகிதம்போல் மெலிந்துவிடும். செங்கல் கட்டுவதற்கான சாந்து, வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் தட்டுக்கு ஏற்றதல்ல. காயும்போதே சுருங்கி மயிரிழை விரிசல் விடும். அதோடு, அடுப்பு எரியும்போது சுடுமண் குழாய் சூடேறி விரிகிறது. வெளிக்குளிரில் கிடக்கும் சாந்து விரிவதில்லை. இரண்டையும் இறுக ஒட்டிவைத்திருப்பதால் குழாயைச் சுற்றி வட்டமாகவோ, அதன் மூலைகளிலிருந்து வெளிப்புறமாகவோ ஒரு வெடிப்பு ஓடும். நாணயத்தின் விளிம்பு நுழையாத மெல்லிய கோடுதான். ஆனால் ஒவ்வொரு மழையிலும் அதன் வழியே தண்ணீர் செங்கல் கூட்டுக்குள் இறங்கும்.

மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. தொடர்ந்து உறைந்தே கிடக்கும் ஊரைவிட, டொராண்டோ போலப் பகலில் பூஜ்ஜிய டிகிரிக்கு மேலும் இரவில் கீழும் வெப்பநிலை மாறிமாறிப் போகும் ஊர்தான் செங்கல்லுக்குக் கெடுதல். பகலில் உருகிய தண்ணீர் இன்னும் சற்று ஆழமாக ஊறும். இரவில் உறைந்து நெருக்கும். ஒரே பனிக்காலத்தில் இது பலமுறை நடக்கிறது. ஊறிய செங்கல்லின் முகம் ஒருநாள் பட்டென்று பெயர்ந்து விழுகிறது. சுவர் தப்பித்ததும் புகைபோக்கி மாட்டிக்கொண்டதும் இதனால்தான். சுவருக்கு மேலே கூரையின் இறவாணம் நீட்டிக்கொண்டு மழையைத் தள்ளிவிடுகிறது. உட்புறம் வீட்டின் வெதுவெதுப்பு அதை உலர்த்துகிறது. கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கிக்கு நான்கு பக்கமும் காற்றும் மழையும்.

சேதம் இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். கிரௌனுக்கு நேர்கீழே உள்ள முதல் நாலைந்து வரிசைகள் மோசமாகவும், கீழே வரவரக் குறைவாகவும் இருந்தால் தண்ணீர் உச்சியிலிருந்து இறங்குகிறது. கூரையைத் தொடும் இடத்தில் மட்டும் கறையும் ஈரமும் இருந்தால், அங்கே செங்கல்லில் செருகியிருக்கும் தகட்டுப் பட்டையைச் சந்தேகிக்க வேண்டும். நடுப்பகுதியில் பரவலாக வெள்ளை உப்புப் பூத்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வெளியே வருகிறது என்று பொருள். இந்த வீடுகள் ஒரு காலத்தில் நிலக்கரியால் சூடேற்றப்பட்டவை. உட்சுவரில் படிந்த கரியிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஈரத்தோடு சேர்ந்தால் சாந்தையே அரித்து உப்பவைக்கும். சில பழைய புகைபோக்கிகள் ஒருபக்கம் சாய்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கேயும் அந்த வேதிவினைக்குத் தேவைப்படுவது தண்ணீர்தான்.

நூறு ஆண்டுகள் கேப்பும் இல்லாமல் நல்ல கிரௌனும் இல்லாமல் நின்றதுதானே, இப்போது மட்டும் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி, பனிக்காலம் முழுக்கப் புகைபோக்கிக்குள் சூடான புகை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இறங்கிய ஈரத்தை அந்தச் சூடு உலர்த்திவிட்டது. இன்றைய உயர்திறன் எரிவாயு உலைகளின் புகை பக்கச் சுவர் வழியே ஒரு பிளாஸ்டிக் குழாயில் வெளியேறுகிறது. புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது. பல வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன் ஒன்று மட்டும் அந்தப் பெரிய குழாயில் மிஞ்சியிருக்கிறது. அது இன்னும் கெடுதல். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு ஈடான ஆவி உண்டாகிறது. அகலமான, குளிர்ந்த குழாயில் அது மேலே போவதற்குள் நீராகப் படிந்து சாந்தை அரிக்கிறது. ஆகவே பயன்படாத அல்லது அரைகுறையாகப் பயன்படும் புகைபோக்கிக்குத்தான் நல்ல கூரை அதிகம் தேவை. அந்தக் கொதிகலனுக்கு ஏற்ற அளவில் உள்ளே ஒரு சிறிய உலோகக் குழாயை இறக்குவதும் அவசியம்.

அப்படியானால் கூரைமட்டத்துக்குக் கீழே இடித்து மூடிவிட்டால் என்ன? அதில் எந்தக் கருவியும் இணைக்கப்படவில்லை என்றால் அது சரியான முடிவாகவும் இருக்கலாம். மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்தடுத்து ஒட்டிய இரட்டை வீடுகளில் ஒரே புகைபோக்கி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருப்பதுண்டு. கேபேஜ்டவுன் போன்ற மரபுப் பாதுகாப்புப் பகுதிகளில் தெருவிலிருந்து தெரியும் புகைபோக்கியை அகற்றுவதற்கு அனுமதி தேவைப்படலாம். இடிக்காமல் வெறுமனே சிமென்ட் வைத்து வாயை அடைத்துவிடுவது மட்டும் கூடவே கூடாது. காற்றோட்டம் இல்லாத கூட்டுக்குள் ஈரம் தங்கி, படுக்கையறைச் சுவரில் கறையாக வெளிப்படும். மேலே மழை புகாத, காற்று போகும் மூடியும், கீழே ஒரு சிறு காற்றுத் துளையும் வேண்டும்.

சரியான கிரௌன் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கட்டுமானத் துறைக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது சாந்தால் பூசியதாக இல்லாமல், பலகை அடைத்து வார்த்த கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மிக மெல்லிய இடத்திலும் இரண்டு அங்குலக் கனத்துக்குக் குறையாமல், வெளிப்புறமாகச் சரிந்து, செங்கல் முகத்தைத் தாண்டி இரண்டு இரண்டரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டியிருக்கும் பகுதியின் அடியில் ஒரு சிறு பள்ளம் ஓட வேண்டும். நம்மூர் சன்ஷேடின் அடிவிளிம்பில் கொத்தனார் விடும் பள்ளம் என்ன வேலை செய்கிறதோ அதே வேலைதான். அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே சுவருக்குத் திரும்பப் பார்க்கும் தண்ணீர், பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். சுடுமண் குழாயைக் கான்கிரீட் நேரடியாகத் தொடக் கூடாது. குழாயைச் சுற்றி நுரைக் கயிறு வைத்து இடைவெளி விட்டு வார்த்து, மேலே வளைந்து கொடுக்கும் சீலன்டால் அடைக்க வேண்டும். அப்போதுதான் குழாய் தன்போக்கில் விரிந்து சுருங்க முடியும். நுண்ணிய காற்றுக்குமிழ்கள் கலந்த கான்கிரீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. உறையும் தண்ணீர் விரிவதற்கு அந்தக் குமிழ்கள் இடம் கொடுக்கின்றன. வார்த்தபின் சில நாள் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். அந்த நாட்களில் உறைபனி விழக் கூடாது.

இவ்வளவும் எதற்கு, வெடிப்பின்மேல் கொஞ்சம் சிமென்ட் பூசினால் போதாதா என்பவர்கள் உண்டு. தட்டு உறுதியாக இருந்து, மயிரிழை விரிசல் மட்டும் இருந்தால் பூச்சு போதும். அதற்கென்றே ரப்பர்போல இழுபடும் பூச்சுகள் விற்கின்றன. தட்டு துண்டு துண்டாக ஆடுகிறதென்றால் அதன்மேல் எதைப் பூசினாலும் அடுத்த பனிக்காலத்தில் அதே கோட்டில் வெடிக்கும். செங்கல் சந்துகளை அடைப்பதிலும் இதே அவசரம் பெருங்கேடு செய்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கட்டியவற்றில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து இருக்கும். அது செங்கல்லைவிட மென்மையானது. ஈரத்தை வெளியே விடக்கூடியது. அந்த இடத்தில் கடினமான போர்ட்லண்ட் சிமென்டை வைத்துப் பாயிண்டிங் செய்தால் சந்து உறுதியாகிவிடும். ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் வழியே போக முயன்று, செங்கல் உடையும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை தன் வழிகாட்டிகளில் வலியுறுத்தும் விதி. கெட்டுப்போன சாந்தை மாற்றிவிடலாம், நூறாண்டுச் செங்கல்லுக்கு மாற்று கிடைக்காது. செங்கல்மேல் பெயின்ட் அடிப்பதும் இதே வகைத் தவறு. நீரை விலக்கி ஆவியை விடும் சிலேன், சிலாக்சேன் வகைப் பூச்சுகளையும் கிரௌனைச் சரிசெய்து, செங்கல் காய்ந்தபின்பே அடிக்க வேண்டும்.

கேப் போட்டால் புகை சரியாக இழுக்காது என்ற அச்சத்தில் உண்மை இருக்கிறது. தவறான அளவில் போட்டால் இழுக்காதுதான். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட மாதிரி விதிகளின்படி, மழை மூடியின் கீழே காற்றுக்குத் திறந்திருக்கும் பரப்பு, குழாய் வாயின் பரப்பைப்போல் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. குழாயின் உள்ளளவு 10 அங்குலத்துக்கு 10 அங்குலம் என்றால் வாயின் பரப்பு 100 சதுர அங்குலம். மூடியின் கீழ் 400 வேண்டும். குழாயின் சுற்றளவு 40 அங்குலம். ஆக மூடி குறைந்தது 10 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும். வலைக்கம்பி மறைக்கும் இடத்துக்காக இன்னும் சற்றுக் கூடுதலாக. அந்தக் கணக்கைப் போடாமல் கடையில் கிடைத்ததை மாட்டுவதால்தான் புகை அறைக்குள் திரும்புகிறது. துத்தநாகம் பூசிய தகரத்தில் செய்தது மலிவு, ஆனால் துருப்பிடித்து வெள்ளைக் காரைமேல் பழுப்புக் கோடு இழுக்கும். எவர்சில்வரோ செம்போ வாங்குவதே முடிவில் மிச்சம். வலையைக் கழற்றித் துடைக்க வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விறகு எரிப்பவர்களின் வலையில் கரிப்பிசின் அடைத்துக்கொள்ளும்.

எனக்கு மிகக் கனமாகப் படும் ஆட்சேபம் பறவை சம்பந்தப்பட்டது. சிம்னி ஸ்விஃப்ட் என்ற சிறு உழவாரக் குருவி, பனிக்காலத்தை அமேசான் படுகையின் மேற்பகுதியில் கழித்துவிட்டு, வசந்தத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு வருகிறது. கிளையில் உட்கார அதன் கால்களால் முடியாது. செங்குத்தான சொரசொரப்புப் பரப்பைப் பற்றித் தொங்க மட்டுமே முடியும். பொந்துள்ள பெருமரங்கள் வெட்டப்பட்டபின் அது புகைபோக்கிக்குக் குடிமாறியது. சுள்ளிகளைத் தன் எச்சிலால் ஒட்டி உட்சுவரில் கூடு கட்டுகிறது. ஒவ்வொரு புகைபோக்கியாக மூடிக்கொண்டே வந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை. கனடா இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. உலக அளவில் 2018 முதல் அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் இருக்கிறது. கூடு இருக்கும்போது மூடுவது சட்டப்படியும் குற்றம். ஆனால் இந்த ஆட்சேபம் கேப்புக்கு எதிரானது, கிரௌனுக்கு எதிரானதல்ல. பறவைக்கு வேண்டியது திறந்த வாயும் சிதையாத உட்சுவரும். அடுப்பு எரியாத, பறவை வந்துபோகும் புகைபோக்கியில் கிரௌனை ஒழுங்காக வார்த்துவிட்டுக் குழாய் வாயைத் திறந்தே விடலாம். குழாய்க்குள் விழும் மழைநீர் கொஞ்சம். கீழே வடிகால் இருந்தால் சமாளிக்கலாம். செங்கல் கூட்டைச் சிதைப்பது பெரும்பாலும் கிரௌன் வழியே போகும் தண்ணீர். வேலைக்கான காலமும் தானாகவே அமைகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட்வரை குழாயில் பறவை இருக்கலாம். நவம்பரில் உறைபனி வந்துவிடும். செப்டம்பரில் பறவைகள் போய்விட்டதை உறுதிசெய்துகொண்டு, கான்கிரீட் நீராற அவகாசம் விட்டு, அக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்துவிட வேண்டும். ஆள் பேசும்போது உச்சியின் படங்களை வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். குழாயைச் சுற்றி இடைவெளி விட்டிருக்கிறார்களா, விளிம்பின் அடியில் பள்ளம் இருக்கிறதா என்பதை வீட்டுக்காரர் தரையில் நின்றபடியே சரிபார்க்க அந்தப் படங்கள் உதவும்.