ஒரே நாள், மூன்று கடல்கள்: 1914 செப்டம்பர் 22 கடற்போர் நிகழ்வுகளும் நாள் ஒப்புமையின் வரலாற்றுப் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

போர் வரலாற்றில் ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்துத் தரும் வழக்கம் நாளிதழ்களிலும் பொது அறிவு நூல்களிலும் பரவலாக உள்ளது. அத்தகைய தொகுப்புகள் தேதியைக் காட்டுகின்றன. நிகழ்வுகளுக்கு இடையே உறவு உண்டா என்பதைக் காட்டுவதில்லை. 1914 செப்டம்பர் 22 அன்று வடகடலிலும் வங்கக்கடலிலும் தென் பசிபிக் பெருங்கடலிலும் ஜெர்மானியக் கடற்படை நடத்திய மூன்று தாக்குதல்களை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. நாள் ஒப்புமை எப்போது வெறும் தற்செயல், எப்போது பொதுக் காரணத்தைச் சுட்டும் குறிப்பு என்பதைப் பிரித்தறியும் வழியையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: முதல் உலகப்போர், எம்டன், யூ-9, பப்பீட்டே, நாள் ஒப்புமை, காலவரிசை, கூட்டு நினைவு.

முன்னுரை

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. தமிழகத்தில் இந்நாள் எம்டன் கப்பல் சென்னையின் மீது குண்டு வீசிய நாளாக அறியப்படுகிறது. இங்கிலாந்தில் அதே நாள் மூன்று போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கிய நாள். தாகித்தித் தீவின் தலைநகரான பப்பீட்டேயில் அது நகரம் எரிந்த நாள். ஒவ்வொரு நிலப்பகுதியும் தன் கரையில் நிகழ்ந்ததை மட்டுமே நினைவில் வைத்துள்ளது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது, ஒரு தேதி வரலாற்றாசிரியருக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்னும் வினா எழுகிறது.

வடகடல்: காலை

டச்சுக் கடற்கரைக்கு அப்பால் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்னும் மூன்று பிரித்தானியக் கவசக் குரூசர்கள் காவல் சுற்றில் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 டன் எடை கொண்டது. எனினும் அவை பழமையானவை. மாலுமிகளில் பெரும்பாலோர் அவசரமாக அழைக்கப்பட்ட சேமப் படையினர். டார்ட்மத் கடற்படைக் கல்லூரியின் இளம் மாணவர்களும் அவர்களுடன் இருந்தனர். மோசமான வானிலையால் துணைநின்ற நாசகாரிக் கப்பல்கள் விலகியிருந்தன. கப்பல்கள் வளைந்து வளைந்து செல்லாமல் நேர்வழியில், குறைந்த வேகத்தில் சென்றுகொண்டிருந்தன.

காலை 6.20 மணியளவில் ஓட்டோ வெட்டிகன் தலைமையிலான யூ-9 நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோ அபூக்கிரைத் தாக்கியது. கண்ணிவெடியில் மோதியதாகக் கருதிய அதன் தலைவர் மற்ற இரு கப்பல்களையும் உதவிக்கு நெருங்கி வரச் செய்தார். மீட்புப் பணிக்காக நின்ற ஹோக் அடுத்துத் தாக்கப்பட்டது. பின்னர் கிரெஸ்ஸியும் வீழ்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மூன்றும் மூழ்கின. 1,459 பேர் உயிரிழந்தனர். 837 பேர் மீட்கப்பட்டனர்.

இவ்விழப்பு முற்றிலும் எதிர்பாராதது அன்று. இப்பழைய குரூசர்கள் அப்பகுதியில் தொடர்ந்து காவல் செய்யக்கூடாது என்று கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் செப்டம்பர் 18 அன்றே குறிப்பு எழுதியிருந்தார். நான்கு நாள்களில் அக்குறிப்பு கடலில் செயலாகவில்லை.

வங்கக்கடல்: இரவு

எம்டன் 1908-இல் கடலில் இறக்கப்பட்ட இலகு குரூசர், பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள் கொண்டது. ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவின் தளபதி மாக்சிமிலியான் ஃபான் ஸ்பே ஆகஸ்டு நடுவில் மரியானாத் தீவுகளுள் ஒன்றான பாகானில் தன் கப்பல்களைக் கூட்டி ஆலோசித்தார். பெரும்பிரிவு கிழக்கே தென்னமெரிக்காவை நோக்கிச் செல்வது, எம்டன் மட்டும் தனித்து இந்தியப் பெருங்கடலுக்குச் செல்வது என்று அங்கு முடிவாயிற்று. தலைவர் கார்ல் ஃபான் முல்லர் எம்டனுக்குப் போலியான நான்காம் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திப் பிரித்தானியக் கப்பல்போலத் தோன்றச் செய்தார். செப்டம்பர் 10 முதல் வங்கக்கடலில் வணிகக் கப்பல்கள் அதன் கையில் சிக்கத் தொடங்கின.

22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் நகர விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் அமைந்திருந்த கலங்கரை விளக்கமும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளே முதன்மை இலக்கு. அரை மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 125 குண்டுகள் வீசப்பட்டன. தொட்டிகள் தீப்பற்றின, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்று சேதமுற்றது, உயர்நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் கப்பலைத் தொட இயலவில்லை.

உயிரிழந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆயினும் அடுத்து வந்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். முல்லரின் நோக்கமும் எண்ணெயை எரிப்பதோடு நிற்கவில்லை. பிரித்தானியக் கடலாட்சி அசைக்க முடியாதது என்னும் நம்பிக்கையைக் கரையிலுள்ள மக்கள் கண்முன் குலைப்பதும் அதில் அடங்கும்.

தென் பசிபிக்: மறுபடியும் காலை

ஸ்பேயின் ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் என்னும் இரு கவசக் குரூசர்கள் அதே நாள் காலை 7 மணியளவில் பப்பீட்டேத் துறைமுகத்தின் முன் தோன்றின. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அவ்வூரில் நிலக்கரிக் கிடங்கு இருந்தது. நீண்ட பயணத்தில் இருந்த ஸ்பேக்கு நிலக்கரி இன்றியமையாதது. ஊர்க்காவலுக்குப் பொறுப்பேற்றிருந்த மாக்சிம் டெஸ்ட்ரெமோ தன் சிறிய பீரங்கிப் படகான ஸெலேயின் பீரங்கிகளைக் கரையேற்றிவைத்திருந்தார். ஜெர்மானியக் கப்பல்கள் நெருங்கியதும் நிலக்கரிக் கிடங்கிற்குத் தீ வைக்கப்பட்டது. துறைமுக வழியை அடைக்க ஸெலே மூழ்கடிக்கப்பட்டது. குண்டுவீச்சில் நகரின் ஒரு பகுதி எரிந்து அழிந்தது. ஸ்பேக்கு நிலக்கரி கிடைக்கவில்லை. அவர் செலவழித்த குண்டுகளை ஈடுசெய்யப் பசிபிக்கில் ஒரு துறைமுகமும் இல்லை. அவர் இருக்குமிடமும் வெளிப்பட்டது.

மணிக்கணக்கில் ஒரே நாள்

மூன்று நிகழ்வுகளையும் கிரீன்விச் நேரத்திற்கு மாற்றினால் அவற்றின் நெருக்கம் தெளிவாகும். அபூக்கிர் தாக்கப்பட்டது காலை 6.20 மணி. சென்னையின் இரவு ஒன்பதரை மணி கிரீன்விச்சில் மாலை 4 மணி. பப்பீட்டேயின் காலை 7 மணி அங்கு மாலை 5 மணி. சென்னையில் இரவும் தாகித்தியில் காலையுமாக நிகழ்ந்த இரு தாக்குதல்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரமே இருந்தது. மூன்றும் பதினொரு மணி நேர எல்லைக்குள் அடங்குகின்றன.

இந்நெருக்கம் திட்டமிட்டதா? பாகானில் பிரிந்த பின் முல்லர் தன் போக்கில் இயங்கினார். ஸ்பேயிடமிருந்து நாளுக்கு நாள் ஆணை பெறவில்லை. வெட்டிகனோ முற்றிலும் வேறொரு கட்டளை அமைப்பின் கீழ் இருந்தார். எனவே 22 என்னும் தேதி எவராலும் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்று. நாளளவில் இது தற்செயலே.

தற்செயலுக்கு அடியிலுள்ள காரணம்

ஆயினும் அதே மாதத்தில் இத்தகைய தாக்குதல்கள் நிகழ்ந்தது தற்செயல் அன்று. பிரித்தானியக் கடற்படை எண்ணிக்கையில் உலகின் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அது ஒரே வேளையில் வடகடலில் ஜெர்மானியப் பெருங்கடற்படையை அடைத்துவைக்கவும், பேரரசின் நாடுகளிலிருந்து படைவீரர்களை ஏற்றிவரும் கப்பல்களுக்குக் காவல் செல்லவும், வணிக வழிகளைப் பாதுகாக்கவும் வேண்டியிருந்தது. இடைவெளிகள் தவிர்க்க முடியாதவை. வடகடலில் அவ்விடைவெளி பழைய கப்பல்களாலும், வங்கக்கடலில் ஒளிரும் விளக்குகளாலும், பசிபிக்கில் ஒரு சிறு பீரங்கிப் படகாலும் நிரப்பப்பட்டிருந்தது.

இவ்வுறவை நியூசிலாந்துப் படையின் பயணம் சான்றுடன் காட்டுகிறது. செப்டம்பர் 14 அன்று ஸ்பேயின் கப்பல்கள் சமோவாவின் ஆப்பியாவில் தோன்றின. போதிய காவல் கப்பல்கள் கிடைக்கும்வரை படைவீரர்களின் புறப்பாடு தள்ளிப்போய், அக்டோபர் 16 அன்றே அவர்கள் வெலிங்டனைவிட்டு நீங்கினர். ஓரிடத்தில் தோன்றிய கப்பல் வேறிடத்தில் கப்பல்களைக் கட்டிப்போட்டது. சென்னையும் பப்பீட்டேயும் பாகான் முடிவு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. யூ-9 அவ்வேரைச் சேர்ந்தது அன்று. எனினும் அதே நெருக்கடியின் மற்றொரு விளைவு.

தேதி மட்டுமே ஒன்றும்போது

இதற்கு மாறான சான்றுகளும் உள. 1943 செப்டம்பர் 22 அன்று நார்வேயின் கோஃபியோர்டில் பிரித்தானியக் குறு நீர்மூழ்கிகள் ஜெர்மனியின் திர்பிட்ஸ் போர்க்கப்பலின் அடியில் வெடிகளை வைத்து அதைப் பல மாதங்கள் செயலிழக்கச் செய்தன. 1980 செப்டம்பர் 22 அன்று ஈராக் விமானங்கள் ஈரானிய விமானத் தளங்களைத் தாக்க, எட்டாண்டுப் போர் தொடங்கியது. நாட்காட்டித் தொகுப்பில் இவை 1914-இன் நிகழ்வுகளுக்கு அருகில் இடம்பெறும். யூ-9, திர்பிட்ஸ் ஆகிய இரண்டும் சிறு கலம் பெருங்கப்பலை வீழ்த்திய கதைகள். ஆயினும் அவ்வொப்புமை கருவியின் தன்மையால் வந்தது, தேதியால் வந்ததன்று.

தேதியே நிலையற்றது என்பதையும் ஆய்வாளர் கருத வேண்டும். ரஷ்யாவின் அன்றைய ஜூலியன் நாட்காட்டியில் இதே நாள் செப்டம்பர் 9. தமிழ் நாட்காட்டியில் ஆனந்த ஆண்டுப் புரட்டாசித் திங்கள். அயர்லாந்தின் பாய்ன் போர் 1690 ஜூலை 1 அன்று பழைய முறையில் நிகழ்ந்தது. புதிய முறையில் அது ஜூலை 11. கொண்டாடப்படுவதோ ஜூலை 12.

நினைவின் அளவுகோல்

1,459 உயிர்களைக் கொண்ட நிகழ்வு தமிழில் ஏறத்தாழ அறியப்படாதது. சில உயிர்களைக் கொண்ட நிகழ்வு மொழியிலேயே நிலைத்தது. கண்டிப்பும் சாமர்த்தியமும் மிக்கவரை ‘எம்டன்’ என அழைக்கும் பேச்சுவழக்கு அதன் அடையாளம். அச்சம் எண்ணிக்கையால் அளக்கப்படுவதில்லை, அருகாமையால் அளக்கப்படுகிறது.

செண்பகராமன் பிள்ளை அன்றிரவு எம்டனில் இருந்தார் என்னும் செவிவழிக் கதையும் இந்நினைவின் பகுதியே. 1914 செப்டம்பரில் அவர் சூரிக் நகரில் இயங்கிவந்தார். ஒருவர் ஒரே நாளில் ஈரிடத்தில் இருக்க இயலாது என்னும் எளிய விதி இக்கதையை மறுக்கிறது. நாள் ஒப்புமை தொன்மங்களை வளர்ப்பதற்கு மட்டுமன்றி அவற்றைச் சோதிப்பதற்கும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

எம்டன் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் குரூசரான சிட்னியிடம் வீழ்ந்தது. ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் ஆகியன டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்துத் தீவுகளுக்கு அருகே ஸ்பேயுடன் மூழ்கின. வெட்டிகன் 1915 மார்ச் 18 அன்று யூ-29 கப்பலுடன் மாண்டார்; நேச நாட்டுக் கப்பல்கள் டார்டனெல்ஸ் நீரிணையில் பேரிழப்பைச் சந்தித்ததும் அதே நாளே. இவ்வொப்புமை வெறும் தேதி. அதற்கடியில் பொதுக் காரணம் எதுவுமில்லை.

ஆகவே ஒரே நாளில் நிகழ்ந்தவற்றை ஒன்றுசேர்க்கும் ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். தேதிகள் ஒரே நாட்காட்டியைச் சேர்ந்தவையா? நிகழ்வுகளைத் தீர்மானித்தவர்களிடையே தொடர்பு இருந்ததா? தொடர்பு இல்லையெனில், இருவரையும் ஒரே திசையில் தள்ளிய பொதுச் சூழல் உண்டா? 1914 செப்டம்பர் 22 முதல் வினாவில் தேறுகிறது; இரண்டாவதில் பாதி தேறுகிறது; மூன்றாவதில் முழுமையாகத் தேறுகிறது. அவ்வகையில், சென்னைக் கரையில் எரிந்த எண்ணெய்த் தொட்டிகளை வட்டார நிகழ்வாக மட்டும் எழுதுவது அவற்றின் பொருளைச் சுருக்குவதாகும். உலகளாவிய கடற்போரின் ஓரங்கமாக எழுதுவதே அந்நாளுக்கு உரிய வரலாறாகும்.