மண்பாதை தேடும் சைக்கிள்கள்

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஒரு நூதனப் பிரயாணம்

தார் ரஸ்தா கண்ணாடிபோல் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, கல்லும் மண்ணுமான வண்டிப்பாதையில் சைக்கிளைத் திருப்புகிறான் ஒருவன். அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? வழி தப்பியவன் என்பீர்கள். அல்லது புத்தி தப்பியவன் என்பீர்கள்.

பிரான்ஸ் தேசத்தில் இப்படிப்பட்டவர்கள் இன்று ஒருவர் இருவர் அல்ல. விடுமுறை வந்துவிட்டால் போதும், ஆணும் பெண்ணுமாய்க் காட்டுக்குள்ளும் திராட்சைத் தோட்டங்களின் நடுவிலும் மண்பாதை தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பொழுதுபோக்குக்குக் 'கிராவல்' என்று பெயர். சரளைக்கல் என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

வேடிக்கைக்காகச் செய்யும் இந்தக் காரியத்தில் ஊருக்குப் பெரிய உபகாரம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அது என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் வண்டியைப் பார்ப்போம்.

புது மோஸ்தர், பழைய சரக்கு

பார்வைக்கு இது பந்தய சைக்கிள்தான். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்த ஹாண்டில்பார் உண்டு. டயர் மட்டும் பருமன். அகலம் 35 மில்லிமீட்டரிலிருந்து 50 வரை இருக்கும். காற்றைக் குறைவாகவே அடிப்பார்கள். அப்போதுதான் கல்லின் அதிர்ச்சியை டயரே வாங்கிக்கொள்ளும், முதுகு தப்பும். மேட்டில் ஏறுவதற்கு லேசான கியர், சேற்றிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக் இரண்டும் அவசியம்.

இந்த மோஸ்தர் அமெரிக்காவில் பிறந்தது. கான்ஸாஸ் மாகாணத்தின் எம்போரியா என்ற ஊரில் 2006-ல் தொடங்கிய நெடுந்தூரச் சரளைப் பாதைப் பந்தயம் அதற்குப் பெரிய விளம்பரம் தேடித் தந்தது. ஆனால் வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் இதைப் புதுமை என்று சொன்னால் சிரித்துவிடுவார். அவருடைய தாத்தாவின் காலத்தில் நாட்டுப்புற ரஸ்தாவே சரளைதானே!

செந்த் எத்தியன் என்ற தொழில் நகரத்தில் பால் த விவி என்று ஒருவர் இருந்தார். 1853-ல் பிறந்தவர். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் கடை வைத்தார். 1887-ல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கினார். 'வெலோசியோ' என்பது அவருடைய புனைபெயர். சைக்கிளில் ஏறி ஊர் ஊராய்ச் சுற்றிப் பார்க்கும் கலைக்கு அவரே குலகுரு. பசி வருமுன் சாப்பிடு, தாகம் எடுக்குமுன் குடி, வீம்புக்காக மட்டும் மிதிக்காதே என்ற விதத்தில் சீடர்களுக்குப் போதித்தவர். தாமும் மாமிசம் தொடாதவர். மலை ஏற ஒரே கியர் போதாது என்று ஓயாமல் எழுதினார். பந்தயக்காரர்களோ, கியர் மாற்றுவது கிழவர்களுக்கு என்று கேலி செய்தார்கள். 1903-ல் தொடங்கிய 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937-ல்தான் அனுமதித்தார்கள். வெலோசியோ அதைக் காண இருக்கவில்லை. 1930-ல் டிராம் வண்டி மோதி இறந்துபோனார். இன்று சரளைப் பாதைக்காரர்கள் மிதிக்கும் ஒவ்வொரு லேசான கியரிலும் அவர் வாதம் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

வண்டியைப் பார்த்தாயிற்று. இனி, அது போகும் பாதைகளில் மூன்றைப் பார்ப்போம். ஒன்று அரசர்கள் போட்டது. ஒன்று வரி வசூலித்தவர் போட்டது. ஒன்று உழவன் போட்டது.

அரசர்களின் பாதை

பாரிஸ் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் கொம்பியேன் காடு இருக்கிறது. பரப்பு சுமார் 35,000 ஏக்கர். பிரெஞ்சு மன்னர்கள் மான் வேட்டையாடிய காடு. குதிரையில் விரட்டிச் செல்வதற்காக நூல் பிடித்தாற்போல் நேர்வழிகளை வெட்டினார்கள். பல வழிகள் ஓரிடத்தில் கூடி நட்சத்திரம்போல் பிரியும். அங்கே நின்றால் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே தெரியும், பழகியவர்களே திகைப்பார்கள். அதற்காக ஒவ்வொரு சந்தியிலும் வெள்ளைக் கம்பம் நட்டு, அரண்மனை இருக்கும் திசையில் சிவப்புக் குறி இட்டார்களாம். மூன்றாம் நெப்போலியனின் ராணி ஒருமுறை வழி தெரியாமல் தவித்ததுதான் காரணம் என்று கதை வழங்குகிறது.

இதே காட்டுக்குள்தான், ஒரு ரயில் பெட்டியில், 1918 நவம்பர் 11-ஆம் தேதி முதல் உலகப் போரை நிறுத்தக் கையெழுத்திட்டார்கள். 1940-ல் ஹிட்லர் அதே இடத்தில், அதே பெட்டியில் பிரான்ஸைப் பணிய வைத்தான். பீச் மரங்களின் நிழலில் சருகு நொறுங்க மிதித்து வருகிறவர்கள், அந்த வெளியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சற்று நின்றுவிட்டே போகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: அரசர்கள் போனாலும் வேட்டை போகவில்லை. இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் வேட்டை நடக்கிறது என்று அறிவிப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் திரும்பாமலிருப்பதே விவேகம்.

வரி வசூலித்தவரின் பாதை

தெற்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர் ஓடுகிறது மிதி கால்வாய். உப்பு வரி வசூலித்துப் பணம் சேர்த்த பியேர் பால் ரிக்கே, அந்தப் பணத்தையும் இதில் போட்டு வெட்டினார். 1666-ல் அரசன் உத்தரவிட்டான். 1681-ல் வேலை முடிந்தது. ரிக்கே அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1680-ல் காலமாகிவிட்டார்.

கால்வாய்க் கரையில் குதிரைகள் நடந்து படகை இழுத்த பாதைதான் இன்று சைக்கிள் பாதை. துலூஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வரை தார் போட்டிருக்கிறார்கள். அப்புறம் மண்ணும், வேரும், பள்ளமும்தான். சரளைக்காரருக்கு அங்கேதான் உற்சாகம் பிறக்கிறது. ஏற்ற இறக்கம் சொற்பம். மடைக்கதவுகளைத் திறந்து படகை ஏற்றி இறக்கும் வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரே வருத்தம், கரையில் குடை பிடித்த பிளேன் மரங்கள். பூஞ்சை நோய் ஒன்று 2006-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து இல்லாததால் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்தார்கள். வேறு ஜாதிக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். நிழல் திரும்ப ஒரு தலைமுறையாவது ஆகும்.

உழவனின் பாதை

மேற்குக் கோடியில் பிரிட்டனி. பண்ணைக்கும் வயலுக்கும் நடுவே செல்லும் மண்பாதையை அங்கே 'ரிபின்' என்கிறார்கள். அந்தப் பாதைகளிலேயே தேர்ந்த பந்தயக்காரர்கள் மோதும் பெரிய பந்தயம் ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. பெயர் 'த்ரோ ப்ரோ லெயோன்'. 1984-ல் இதைத் தொடங்கியது விளையாட்டுக்காக மட்டுமல்ல. பிரெத்தோன் மொழியில் கற்பிக்கும் 'திவான்' பள்ளிக்கூடங்களுக்குப் பணம் திரட்டத்தான்! திவான் என்றால் முளை என்று பொருள். முதலில் வரும் பிரிட்டனிக்காரருக்கு உயிருள்ள பன்றிக்குட்டி ஒன்று பரிசு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பது பந்தயத்தைவிடக் கஷ்டமாக இருக்கும்!

பாதைக்கும் உயிர் உண்டு

இப்போது அந்த உபகாரத்துக்கு வருவோம். அரசர்களின் காட்டையும் கால்வாயையும் சர்க்கார் கவனித்துக்கொள்ளும். ஆபத்தெல்லாம் உழவனின் பாதைக்குத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு துண்டு துண்டான நிலங்களை ஒன்று சேர்த்து, டிராக்டர் ஓடப் பெரிய வயல்களாக்கினார்கள். விளைச்சல் பெருகியது. ஆனால் வேலிகளும், வேலியோரப் பாதைகளும் உழவில் மறைந்தன. மிச்சமிருப்பவற்றின் நிலையும் திடமானதல்ல. பிரான்ஸில் சுமார் 35,000 ஊர்ச்சபைகள் இருக்கின்றன. கிராமப் பாதைகள் அந்தச் சபைகளுக்குச் சொந்தம். ஆனால் சட்டப்படி அவை தனிச் சொத்துப் போன்றவை. பக்கத்து நிலக்காரர் முப்பது ஆண்டு அனுபவித்துவிட்டால் தமக்கே சொந்தம் என்று கோரலாம். ஜனங்கள் நடமாடுவது நின்றுபோனால், பொது விசாரணை நடத்திய பின் சபையே பாதையை விற்றுவிடலாம். 2022-ல் வந்த சட்டம் ஒரு தடுப்புப் போட்டது. பாதைகளைக் கணக்கெடுக்கச் சபை தீர்மானித்தால், அந்த முப்பதாண்டுக் கெடு ஓடாமல் நிற்கும்.

கணக்கெடுப்பது காகித வேலை. பாதையை உயிரோடு வைத்திருப்பது நடமாட்டம்தான். முன்பு மாடும் வண்டியும் போயின. இன்று அவை இல்லை. அந்தக் குறையைத்தான் இந்தச் சேறு பூசிய சைக்கிள்காரர்கள் தங்களை அறியாமலே நிரப்புகிறார்கள். தேச வரைபடத்தில் மெல்லிய கோடாய்க் கிடக்கும் வழியைத் தேடிப் பிடித்து, முட்செடியை விலக்கிக்கொண்டு போய் வருகிறார்கள். 'இந்த வழியாக யார் போகிறார்கள்?' என்று நாளை விசாரணையில் யாராவது கேட்டால், சாட்சி சொல்ல ஈர மண்ணில் இரண்டு டயர்த் தடங்களாவது இருக்கும்.