வாடினால் தண்ணீர் ஊற்றலாமா?

ஒடுகத்தூர் மாணவன், மூன்றாம் ஆண்டு சிவில்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. காதலைப் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமும் இல்லை. எனவே எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். போன ஐப்பசியில் எங்கள் வீட்டு வாசலில் செத்துப்போன பப்பாளி நாற்றுகளைப் பற்றியது இது. கொன்றவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் ஊர் ஒடுகத்தூர். ஜவ்வாது மலையின் அடிவாரம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை என்றால் வேலூர் மாவட்டத்தில் தெரியாதவர்கள் குறைவு. அப்பா வருஷத்தில் பாதி நாள் பெங்களூர் பக்கம் சென்ட்ரிங் வேலைக்குப் போய் விடுவார். வீட்டை ஓட்டுவது அம்மாதான். நாலைந்து வருஷமாகப் பாலிதீன் பையில் பப்பாளி நாற்று வளர்த்து விற்கிறார். ஒரு பைக்கு நான்கு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. அறுபது நாளில் நாற்று தயார். எப்போதும் நூறு, நூற்றைம்பது பைதான் போடுவார். போன வருஷம் மகளிர் குழுவில் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கி நானூறு பை போட்டார். எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்கிற முதல் ஆள் நான். பரீட்சைக் கட்டணம், டிராயிங் ஷீட், பஸ் பாஸ், எல்லாம் அந்தப் பைகளில்தான் முளைக்க வேண்டியிருந்தது.

காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஐந்தாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தால், ஒரு மூலையில் இருபது முப்பது பைகளில் இலை தொங்கிக் கிடந்தது.

"இன்னாடா, காலையில சரியா ஊத்தலியா? வாடிப் போயி கீது பாரு" என்றார் அம்மா.

ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினேன். ஒரு கடையில் கேட்டதற்கு, சத்துக் குறைவு என்று சொல்லி ஒரு டானிக்கும் கொஞ்சம் யூரியாவும் கொடுத்தார்கள். அதையும் கரைத்து ஊற்றினேன். நான்காம் நாள் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெந்த கீரை போலக் குழைந்து, நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒரே வாரத்தில் தொண்ணூறு பை போயிற்று. அம்மா திட்டவில்லை. சாய்ந்த பைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மண் சேறாக இருக்கும்போது செடி ஏன் வாட வேண்டும்? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

வேர் தண்ணீர் குடிக்கும் குழாய் மட்டும் அல்ல, உயிருள்ள பொருள். அது மூச்சு விட வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதோ சுமார் 8 மில்லிகிராம்தான். அதோடு, ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் பரவும் வேகம் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. மண் துகள்களுக்கு இடையில் உள்ள சந்துகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டால், இருக்கிற ஆக்சிஜனை வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்து விடும். புதிதாக வர வழி இல்லை. மூச்சு முட்டிய வேர் வேலை நிறுத்தம் செய்கிறது. தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. நாம் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். பப்பாளி இந்த விஷயத்தில் ரொம்பவும் பொறுமை இல்லாத செடி. வேர் இரண்டு மூன்று நாள் நீரில் முழுகினாலே செத்து விடும்.

சரி, முந்தைய வருஷங்களிலும் இரண்டு வேளை ஊற்றினோமே, அப்போது ஏன் சாகவில்லை? இதற்கு விடை நம் மண் இயக்கவியல் வகுப்பில் கிடைத்தது. நம்பினால் நம்புங்கள், கேப்பிலரி பற்றி சார் போர்டில் படம் போட்டபோது எனக்கு வாசலில் இருந்த பைகள்தான் கண்ணில் தெரிந்தன.

முன்பெல்லாம் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம பங்கு கலப்போம். இந்தத் தடவை நானூறு பைக்குச் செம்மண்ணும் மணலும் வாங்கக் காசு போதாமல், சும்மா கிடைத்த ஏரி வண்டலை நிரப்பினோம். வண்டல் வயலுக்கு அருமையான மண். பைக்கு அது விஷம். ஏன் என்று பாருங்கள். மண்ணின் சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்கு அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 0.3-ஐச் சந்தின் விட்டத்தால் வகுத்தால் உயரம் வரும், இரண்டும் சென்டிமீட்டரில். அரை மில்லிமீட்டர் சந்துள்ள பருமணல் என்றால் 6 சென்டிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் சந்து என்றால் 30 சென்டிமீட்டர். எங்கள் பையின் உயரமே 20 சென்டிமீட்டர்தான்! அதாவது மணல் கலந்த பையில் அடியில் 6 சென்டிமீட்டர் நனைந்திருக்க, மேலே 14 சென்டிமீட்டரில் காற்று ஓடும். வண்டல் பையில் மேல்வரை தண்ணீர் அப்படியே தொங்கிக் கொண்டு நிற்கும். அடியில் ஓட்டை இருந்தும் பயன் இல்லை. வயலில் அதே வண்டலுக்குக் கீழே மீட்டர் கணக்கில் மண் தொடர்ந்து போவதால் தண்ணீர் இறங்கி விடுகிறது. பையில் மண் அடியோடு முடிந்து விடுகிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து முழுக்க நனைத்து, படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். பிறகு அதையே நெட்டாக நிறுத்துங்கள். மறுபடி சொட்டும். உயரம் கூடினால் வடிகிறது, குறைந்தால் நிற்கிறது. தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று சொல்கிறார்களே, அதுவும் இதனால்தான் தப்பு. ஜல்லிக்கு மேலே மண் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே ஈரம் தேங்கும். மண்ணின் உயரம் குறைந்ததுதான் மிச்சம். பல வீட்டு மாடித் தோட்டங்களில் இதைப் பார்க்கிறேன், சொன்னால் யாரும் கேட்பதில்லை.

போதாக்குறைக்கு ஐப்பசி மாதம். வானம் மூடிக் கிடக்கிறது, வெயில் இல்லை, இலை வழியாக ஆவியாவது குறைவு. சித்திரை மாதக் கணக்கில் நான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

மூச்சு முட்டுவது முதல் பாதி. அழுகல் இரண்டாம் பாதி. அதைச் செய்வது பித்தியம் என்கிற நுண்ணுயிர். அதன் நெருங்கிய உறவினர் பைட்டோப்தோரா. 1845-ல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்து, பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் சாகக் காரணமானது இந்தப் பைட்டோப்தோராவின் ஓர் இனம்தான். அதே அயர்லாந்தில் பிறந்த பட்லர் என்பவர்தான் நம் நாட்டில் பித்தியம் பற்றி 1907-ல் விரிவாக எழுதியவர். பீகாரிலுள்ள பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூஞ்சை நோய் நிபுணராக இருந்தார். பின்னர் 1919-ல் எல்.எஸ்.சுப்பிரமணியம் இஞ்சி, புகையிலை, பப்பாளி மூன்றையும் அழுக வைக்கும் ஒரு பித்தியத்தை விவரித்து, அதற்குப் பட்லரின் பெயரையே வைத்தார். ஆக எங்கள் வாசலுக்கு வந்த விருந்தாளி நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் வைக்கப்பட்டவர்!

இவை பார்ப்பதற்குப் பூஞ்சை போல இருந்தாலும் உண்மையான பூஞ்சை இனம் அல்ல. இவற்றின் வித்துகளுக்கு இரண்டு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். நீந்த வேண்டுமானால் மண் சந்தில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். நான் தினம் இரண்டு வேளை அவற்றுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வேர் தரையில் இறங்கக் கூடாது என்று பைகளைத் தார்ப்பாய் மேல் அடுக்கியிருந்தோம். செத்த பைகள் இருந்த இடத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தபோது, எல்லாம் வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு நாக்கு போல நீண்டிருந்தது. சர்வே வகுப்பு வீண் போகவில்லை. ஒரு டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தேன். அந்த மூலைதான் பள்ளம். வடிந்த தண்ணீர் அங்கே தேங்கி, பைக்குப் பை நோய் நீந்திப் போயிருக்கிறது.

இனி, உங்கள் வீட்டுத் தொட்டியில் ரோஜாவோ கறிவேப்பிலையோ வாடினால் என்ன செய்வீர்கள்? சொம்பைக் கீழே வையுங்கள். முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். எங்கள் பை காய்ந்தால் சுமார் 1,200 கிராம், நனைந்தால் 1,600. மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். நான்கு நாள் தூக்கினால் கையே தராசாகி விடும். இலேசாக இருந்து வாடினால் அது தாகம். தண்ணீர் ஊற்றிய ஒன்றிரண்டு மணியில் நிமிர்ந்து விடும். கனமாக இருந்து வாடினால் வேரில் கோளாறு. அடி இலைகள் மஞ்சளாவது, மேல் மண்ணில் பச்சைப் பாசி, மோந்தால் கூமுட்டை நாற்றம், இவையெல்லாம் கூடச் சேர்ந்து வரும். அடி இலை மஞ்சளாவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தழைச்சத்து குறைந்தாலும் அப்படித்தான் ஆகும். நான் ஏமாந்தது அங்கேதான்.

கடைசி சாட்சி வேர். ஒரு பையைக் கிழித்துக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் தாங்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் மேல் தோல் சட்டை கழல்வது போலக் கழன்று, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நிற்கும். ஒரு பையைப் பலி கொடுக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. முதல் நாளே கொடுத்திருந்தால் தொண்ணூறு போயிருக்காது. இதைச் செய்யத் தைரியம் இல்லையென்றால் செடியை மண்ணோடு, பையோடு எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். வெறும் இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். நோய் இருப்பது வேரில்.

வைத்தியத்துக்கு வருகிறேன். தண்டு குழைந்து சாய்ந்த பப்பாளிக்கு வைத்தியம் கிடையாது. மண்ணோடு தூரக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். அந்த மண்ணை வேறு பையில் போடக் கூடாது. வாடியும் தண்டு உறுதியாக இருப்பவற்றை உடனே பிரித்து, மேடான இடத்தில், நிழலில் வைக்க வேண்டும். பாதி வேர் போன செடியால் உச்சி வெயிலுக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. யூரியா கூடவே கூடாது. பைக்குப் பக்கவாட்டிலும் அடியிலும் ஆணியால் கூடுதல் ஓட்டை போட்டோம். லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து, தண்டின் அடி நனையும்படி ஒரு தடவை ஊற்றினோம். பிறகு மேல் மண் காயும்வரை ஒரு சொட்டும் இல்லை. ரோஜா, கறிவேப்பிலை போன்றவை என்றால் வெளியே எடுத்துக் கறுத்த வேரை நறுக்கிவிட்டு, புது மண்ணில் வைத்து, சில இலைகளையும் குறைக்கலாம். பப்பாளி வேரை அப்படிக் கிளறினால் பொறுக்காது.

கடையில் மருந்து கிடைக்காதவர்களுக்குப் போர்டோ கலவை இருக்கிறது. பிரான்சில் வழிப்போக்கர்கள் திராட்சையைத் திருடாமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதைக் கவனித்த மில்லார்டே 1885-ல் அதை மருந்தாக வெளியிட்டார். 10 கிராம் மயில் துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். அரிவாளை முக்கி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் இரும்பு செம்பை வெளியேற்றும் என்று படித்தோமே, அதேதான். அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

விதைக்கும்போதே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் இந்த அழுகலை ஓரளவு தடுக்கலாம். அது நல்ல பூஞ்சை, கெட்டதைத் தின்னும். ஆனால் அதையும் காப்பர் மருந்தையும் ஒரே நேரத்தில் போட்டால் நம் ஆளையே நாம் கொன்ற கதையாகும்.

நானூறில் இருநூற்றுப் பதினெட்டு பை தேறியது. கடனில் மூவாயிரம் அடைந்தது. மீதிக்கு அப்பா பெங்களூரில் கூடுதலாக ஒரு மாதம் இருந்தார். தை மாதம் மறுபடி நூற்றைம்பது பை போட்டோம், பழையபடி செம்மண், மணல், எரு. தார்ப்பாய்க்குப் பதில் செங்கல் அடுக்கி மேலே மூங்கில் தட்டி. இப்போதெல்லாம் காலையில் நான் பூவாளியை எடுத்தால் அம்மா முந்திக்கொள்கிறார். ஒரு பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"இன்னும் கனமாத்தான் கீது. நாளைக்கு ஊத்திக்கலாம், நீ பஸ்ஸைப் பாரு."