1024இல் ஒருவர்

மெல்பேர்னில் வாழும், ஐரோப்பிய வழிவந்த ஓர் இலங்கைப் பறங்கியர் குடும்பம் தன் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினால், வழி பெரும்பாலும் கொழும்பு பொரளைக் கனத்தையில் வந்து நிற்கும். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் கப்பலேறிய பலரின் பாட்டன் பாட்டிமார் அங்கேதான் உறங்குகிறார்கள். கல்லறைக் கல் பெயரும் ஆண்டும் சொல்லும். ஆனால் கனத்தை 1866இல் அமைந்த மயானம். அதற்கு முந்தியவர்களைத் தேடப் பழைய ஏடுகள்தான் கதி.

கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள வுல்பெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். அதன் ஞானஸ்நான ஏட்டில் குழந்தையோடு பெற்றோர், சாட்சிகள் பெயரும் இருக்கும். ஒரே காலத்தில் மூன்று யோஹன்னஸ் இருந்தாலும், சாட்சியாக நின்ற மாமன் யார் என்று பார்த்து ஆளைப் பிரித்தறியலாம். காணியையும் குடும்பத்தையும் சேர்த்துப் பதிந்த தோம்பு இன்னொரு சான்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஒரு தலைமுறை உறுதியாகும்.

அதற்கப்பால் கடல் தாண்டவேண்டும். ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனி கப்பலுக்கொரு சம்பளப் பேரேடு வைத்திருந்தது. ஆளின் பெயர், சொந்த ஊர், பதவி, சம்பளம், வேலை எங்கே எப்படி முடிந்தது என எல்லாம் அதில் உண்டு. காசு விஷயம் என்பதால் எழுத்தரும் கவனமாக எழுதினார். 18ஆம் நூற்றாண்டின் அந்தப் பேரேடுகள் இன்று ஹேக் நகரில் இருக்கின்றன; கணினியிலும் தேடலாம். தேடுபவர் பலருக்கு அங்கே ஓர் அதிர்ச்சி: ‘ஒல்லாந்த’ மூதாதை ஏதோ ஜேர்மன் கிராமத்து மனிதர்! கம்பனிச் சம்பளத்துக்குப் பல நாட்டு ஏழைகளும் கப்பலேறினார்கள்.

1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் கொழும்பில் உருவானபோது முன்னின்றவர் அரசாங்கச் சுவடிக்காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸ். குடும்ப வம்சாவளிகளைச் சங்கத்தின் சஞ்சிகை அச்சிட்டது. உறுப்பினராவதற்கு, பொதுவாகக் கம்பனிக் காலத்து ஐரோப்பியர் ஒருவரின் ஆண்வழி வாரிசாக இருக்கவேண்டும் என்பது சங்கத்தின் விதியாக இருந்தது.

இந்த விதியைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றவர் நால்வர், அதற்கு முன் எட்டுப் பேர். பத்தாம் தலைமுறையில் 1024 இடங்கள். தலைமுறைக்கு 28 ஆண்டு என்றால் 280 ஆண்டுக்கு முன்பு; அது ஒல்லாந்தர் ஆட்சிக்காலம். உறவுக்குள் மணம் நடந்திருந்தால் ஒரே ஆள் பல இடங்களில் அமர்ந்திருப்பார். எப்படியும், குடும்பப் பெயரைக் கொண்டுவந்த கப்பல்காரருக்கு ஆண்வழியில் உள்ளது அவற்றில் ஒரே ஓர் இடம்தான்.

தகப்பனிலிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமும் அந்த ஒற்றைக் கோட்டையே பின்தொடர்கிறது. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகொண்ட்ரிய மரபணு வேறு பாதையில் போகிறது. ஏட்டில் ‘கொழும்பைச் சேர்ந்தவள்’ என்று மட்டும் எழுதப்பட்ட பெண்ணின் தாய்வழியைப் பற்றி அதைக்கொண்டுதான் ஏதாவது சொல்லமுடியும்.

ஆண்வழியே தமிழகத்துக்குப் போவதும் உண்டு. எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சியின் குடும்ப மரபு, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு வைத்தியரைத்தான் முதல்வராகச் சொல்கிறது. ஜேர்மன் கிராமத்தைக் கண்டுபிடித்த மெல்பேர்ன்காரரும் மிச்சமுள்ள 1023 இடங்களில் பலவற்றைக் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பக்கமே நிரப்பவேண்டியிருக்கும்.