வெண்ணீரும் ஒரு கயிற்றுப் பையும்

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது, சென்ற ஆண்டு ஜூன் மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு படகுக் குழுவினருடன் கழித்த நாட்களைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். தலைப்பைக் கேட்டதும் வகுப்பு நண்பர்கள் சிரித்தார்கள். “வெந்நீரில் படகா? அண்டாவிலா ஓட்டினாய்?” என்றார்கள். வெந்நீர் அல்ல நண்பர்களே, வெண்ணீர்! மலையிலிருந்து இறங்கும் ஆறு பாறைகளில் மோதி, தாவி, புரண்டு ஓடும்போது காற்றையும் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் நீர் பாலைப் போல் வெளுத்துத் தெரிகிறது. அதில் படகு விடுவதே வெண்ணீர்ப் படகோட்டம். நீருக்குள் புகுந்த அந்தக் காற்றைப் பற்றிப் பின்னால் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

என் தாய்மாமா கோழிக்கோட்டில் வியாபாரம் செய்கிறார். தேர்வு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கடைக்கு வரும் ஒருவர் படகுக் குழுவைச் சேர்ந்தவர். நான் புவியியல் மாணவன் என்று கேள்விப்பட்டு, “ஆற்றைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதுமா?” என்று கேட்டு என்னைக் கோடஞ்சேரிக்கு அழைத்துப் போனார். எல்லோரும் அவரைச் சேட்டா என்றே அழைத்ததால் எனக்கும் அவர் சேட்டாவே.

கோடஞ்சேரி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. அருகில் துஷாரகிரி அருவி. அங்கிருந்து சாலிப்புழை பாறைகளுக்கிடையே இறங்கி வருகிறது. பக்கத்திலேயே இருவஞ்சிப்புழை. இந்த நீரெல்லாம் கடைசியில் சாலியாற்றோடு சேர்ந்து பேப்பூரில் கடலில் கலக்கிறது. கோடையில் இந்த ஆறுகளில் பாறைகள்தாம் மிகுதி. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் முற்றிலும் வேறு ஆறுகளாகிவிடுகின்றன. இமயத்தடியில் ரிஷிகேசத்தில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெள்ளத்துக்கு அஞ்சிப் படகோட்டத்தை நிறுத்திவிடுவார்கள். இங்கோ அந்த மாதங்களில்தான் படகே இறங்குகிறது. பனி உருகி ஓடும் ஆற்றுக்கும் மழையை மட்டும் நம்பி ஓடும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. 2013ஆம் ஆண்டு முதல் மலபார் ஆற்றுத் திருவிழா என்ற பெயரில் இங்கு பன்னாட்டுப் போட்டிகளும் நடந்து வருகின்றன. கொரோனா காலத்தில் நின்றுபோய் 2022இல் மீண்டும் தொடங்கின.

குழுவில் இருபது பேர் வரை இருந்தனர். ஒரு வங்கி எழுத்தர், இரண்டு செவிலியர், ஜீப் ஓட்டுநர், ரப்பர் பால் எடுப்பவர், கல்லூரி மாணவர் சிலர். நாள்தோறும் ஆற்றில் பாய்ந்துகொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் போன எனக்கு முதல் வாரம் பெருத்த ஏமாற்றம். ஞாயிறு காலையில் அவர்கள் கூடிய இடம் அசையாத ஒரு குளம்! அங்கே ஒவ்வொருவராகக் கயாக்கில் அமர்ந்து வேண்டுமென்றே கவிழ்வதும், தலைகீழாக நீருக்குள் தொங்கியபடியே துடுப்பை வீசி நிமிர்வதுமாக இரண்டு மணி நேரம் கழிந்தது.

கயாக் என்பது ஒருவர் மட்டும் அமரும், முனை கூரிய, மேல்மூடிய சிறு படகு. இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடை கட்டிப் படகின் வாயை மூடிவிடுவதால் நீர் உள்ளே புகாது. இது வடதுருவப் பகுதி இனூயிட் மக்களின் கண்டுபிடிப்பு. மரச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி வேட்டைக்குச் செல்வார்கள். உறைபனிக் கடலில் கவிழ்ந்தவன் படகை விட்டு வெளியே வந்தால் குளிரிலேயே இறந்துபோவான். ஆகவே உட்கார்ந்தபடியே புரண்டு எழும் வித்தையைக் கற்றார்கள். 1927இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பாவ்லாட்டா என்பவர் பயண நூல்களில் இருந்த குறிப்புகளைக் கொண்டே அதைத் தாமாகப் பழகிக்கொண்டார். நூலைப் படித்து நீச்சல் பழக முடியாது என்பார்கள்; இவர் அதைவிடக் கடினமான ஒன்றைப் பழகியிருக்கிறார். எனக்கு மூன்று ஞாயிறுகள் கழிந்தும் அது கைவரவில்லை. கை வலிமையால் எழ முயல்வதே என் தவறு என்றார்கள். இடுப்பை வெட்டிப் படகை முதலில் நிமிர்த்த வேண்டும்; தலை கடைசியாகத்தான் நீரை விட்டு வர வேண்டும். மூச்சு முட்டுபவனின் தலை முதலில் வெளியே வரத் துடிக்கிறதே, என்ன செய்வது?

குளம் முடிந்ததும் ஆற்றுக்கு வந்தோம். வந்தும் படகை இறக்கவில்லை. கரையில் அரை மணி நேரம் நின்று பார்த்தார்கள். இதை ஆற்றை வாசிப்பது என்கிறார்கள். இரண்டு பாறைகளுக்கிடையே நீர் வழவழப்பாக நாக்குப் போல் நீண்டு, கூர்முனை கீழ்நோக்கி அமைந்திருந்தால் அது வழி. கூர்முனை மேல்நோக்கி, நம்மைப் பார்த்தபடி இருந்தால் அங்கே நீருக்கடியில் பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய பாறையின் பின்பக்கத்தில் நீர் கீழே ஓடாமல் மேல்நோக்கித் திரும்பி வரும். இந்த எதிரோட்டம்தான் படகோட்டியின் திண்ணை. அங்கே புகுந்துவிட்டால் ஆற்றின் நடுவிலேயே நின்று இளைப்பாறலாம், அடுத்த வழியைப் பார்த்துக்கொள்ளலாம். திண்ணையை விட்டு இறங்கும்போதுதான் ஆபத்து. ஓட்டம் வரும் திசைக்கு எதிராக உடம்பைச் சாய்த்தால் ஒரு நொடியில் கவிழ்ந்துவிடும். ஓட்டம் போகும் பக்கமே சாய வேண்டும். பேருந்து வளைவில் திரும்பும்போது நம் உடம்பு தானாகச் சாயும் பக்கத்தை நம்பினால் இங்கே முழுக்குத்தான்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோரை நம்மில் பலரும் பார்த்திருப்போம். முன்னும் பின்னும் இல்லாத அந்த வட்டக் கூடையை ஒற்றைத் துடுப்பால் பாறைகளுக்கிடையே கொண்டுசெல்கிறார்கள். சேட்டாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் இரண்டு முறை அங்கே போய் வந்தவராம். “அவர்களும் எதிரோட்டத்தைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள், கவனித்தாயா?” என்று கேட்டார். நான் கவனித்ததில்லை, அங்கே நான் மீன் வறுவலைத்தான் கவனித்திருந்தேன்.

நீரோட்டங்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று சலசலப்பு மட்டும்; மூன்றில் ஒழுங்கற்ற அலைகளும் குறுகிய திருப்பங்களும் வரும்; ஐந்து மிகத் தேர்ந்தவர்களுக்கே; ஆறு பெரும்பாலும் உயிரோடு விளையாடுவது. ஆனால் தரம் ஆற்றுக்கு நிரந்தரமாகப் பிறந்த ஒன்றல்ல. மாலையில் இரண்டாம் தரமாக இருந்த இடம் இரவு மலையில் பெய்த மழைக்குக் காலையில் நான்காகிவிடும். ஆகவே பாலத் தூணில் தீட்டிய கோட்டைப் பார்க்காமல் குழுவில் எவரும் படகைத் தோளில் எடுப்பதில்லை. நான் இருந்த நாட்களில் ஐந்து முறை கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தேநீர் குடிக்கப் போனோம். எவரும் முணுமுணுக்கவில்லை.

மூன்றாம் வாரம் என்னையும் இறக்கினார்கள், எளிய இடத்தில்தான். கவிழ்ந்தேன், புரண்டு எழத் தெரியாததால் படகை விட்டு வெளியே வந்தேன். நீர் முழங்காலுக்குச் சற்று மேல் இருந்தது. இவ்வளவுதானா என்று எழுந்து நிற்கப் போனேன். “தம்பி, நிக்கல்லே! காலைத் தூக்கு, காலைத் தூக்கு!” என்று சேட்டா போட்ட கூச்சல் மலையில் எதிரொலித்தது. மல்லாந்து, கால் விரல்கள் நீருக்கு மேலே தெரிய, பாதங்கள் ஆறு ஓடும் திசையை நோக்க மிதந்து கரையேறினேன். பிறகு விளக்கினார். ஓடும் ஆற்றில் எழுந்து நிற்பவனின் பாதம் இரண்டு கற்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து நீர் தள்ளும். முகம் குப்புற விழுவான், கால் வராது. இடுப்பளவு நீரில் மனிதர்கள் இறப்பது இப்படித்தான். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை இயற்பியல் மாணவர்கள் அறிவார்கள். லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தாலும் சிக்கிய காலை அது விடுவிக்காது.

அன்று மாலை நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். உண்மையில் அதைக் கேட்கத்தான் அந்தக் குழுவோடு ஒட்டிக்கொண்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஊர் ஆற்றில் ஒரு தடுப்பணை உண்டு. ஆள் உயரம் கூட இல்லை. மழைக்காலத்தில் அதன்மேல் நீர் ஒரே சீராக, கண்ணாடித் திரை போல வழியும். கீழே வெள்ளை நுரை. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது நாங்கள் ஆறு பேர் அங்கே குளிக்கப் போனோம். எங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவன் அணை மேலிருந்து குதித்தான். நுரைக்குள் அவன் தலை தெரிந்தது, வெளியே நீந்தினான், மறுபடி சுவரடியிலேயே தெரிந்தான். இப்படி நான்கைந்து முறை. அவனைப் பிடிக்க இன்னொருவன் குதித்தான். நான் எல்லோருடைய உடைகளையும் கைப்பேசிகளையும் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். ஒருவன் மாட்டுக்கொட்டிலிலிருந்து கயிறு கொண்டுவர ஓடினான். கயிறு வந்தபோது இரண்டாவதாகக் குதித்தவன் ஓரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவனை இழுத்துவிட்டோம். முதல் தலை அப்போது தெரியவில்லை. ஊரில், அங்கே ஏதோ இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு உயிர் கேட்கும் என்றார்கள். நன்றாக நீந்துகிறவன் நான்கடிச் சுவருக்குக் கீழே எப்படிச் சாவான் என்ற கேள்விக்கு அதைத் தவிர வேறு விடை எவரிடமும் இல்லை.

சேட்டா ஒரு குச்சியால் மணலில் படம் போட்டார். அணை மேலிருந்து விழும் நீர் நேரே அடித்தளத்துக்குப் போகிறது. போனது அடியோடு சிறிது தூரம் ஓடி மேலே கிளம்புகிறது. கிளம்பியதில் ஒரு பகுதி ஆற்றோடு போக, மற்றொரு பகுதி மேற்பரப்பில் பின்னோக்கி, அணையை நோக்கியே திரும்பி வருகிறது. வந்ததை விழும் நீர் மீண்டும் அடியில் அமுக்குகிறது. செக்கு போல ஒரு சுற்று. அதற்குள் அகப்பட்டவன் வெளியே நீந்த நீந்த நீர் அவனைச் சுவருக்கே கொண்டுவருகிறது. மேலும் அந்த நுரையில் பாதி காற்று; காற்றைப் பிடித்து எவன் மிதப்பான்? கையால் தள்ளினாலும் தள்ள நீர் இல்லை. இயற்கையான பாறைச் சுழலுக்கு ஏதாவது ஒரு பக்கம் வாசல் இருக்கும். மனிதன் கட்டிய அணையோ இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒரே நேர்கோடு. வாசலே வைத்துக் கட்டவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு மூழ்கடிக்கும் இயந்திரம் என்றே பெயராம். பத்தடி அலையில் பாய்கிற தேர்ந்த படகோட்டிகள் இப்படிப்பட்ட தாழ்ந்த அணையைக் கண்டால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியே நடந்து கடக்கிறார்கள்.

“அவன் ஒரு தவறும் செய்யவில்லையா?” என்று கேட்டேன். “தெரியாமல் குதித்தான். உங்களுக்கும் எவரும் சொல்லவில்லை” என்றார். சிறிது நேரம் கழித்து, “இரண்டாவதாகக் குதித்தவனும் போயிருப்பான். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்” என்றார்.

மறுநாள் முதல் எனக்குப் படகு தரவில்லை; கயிறு தந்தார்கள். குழுவில் ஒவ்வொருவர் இடுப்பிலோ படகிலோ ஒரு சிறு பை இருக்கும். அதற்குள் 15 முதல் 20 மீட்டர் வரை மிதக்கும் கயிறு, சுருட்டாமல், சும்மா திணித்துத் திணித்து வைக்கப்பட்டிருக்கும். சுருட்டிய கயிறு சிக்கும். திணித்தது சிக்காமல் உருவிக்கொண்டு வரும். ஒரு முனையைக் கையில் பிடித்து, அகப்பட்டவனின் பெயரையோ “கயிறு!” என்றோ உரக்கக் கூவி, அவன் பார்த்த பிறகு, பையை அவன் தலைக்கு அப்பால் விழும்படி எறிய வேண்டும். கயிற்றை எக்காரணத்தாலும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சுற்றினால் எறிந்தவனும் ஆற்றுக்குள். குரல் கொடு, குச்சியை நீட்டு, கயிற்றை எறி, படகில் போ. இவை எல்லாவற்றுக்கும் பிறகே நீரில் இறங்குவது. நாங்கள் ஐந்தாவதிலிருந்து தொடங்கியிருந்தோம்.

ஜூலைப் போட்டிகளுக்கான ஆயத்தங்களையும் சிறிது பார்த்தேன். ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி அதிலிருந்து இணை இணையாகக் கழிகளைத் தொங்கவிடுவார்கள். பச்சைக் கழிகளுக்கிடையே ஓட்டத்தோடும் சிவப்புக் கழிகளுக்கிடையே ஓட்டத்துக்கு எதிராகவும் போக வேண்டும். கழி உடம்பில் பட்டால் 2 நொடி தண்டம். ஒரு வாயிலைத் தவறவிட்டால் 50 நொடி. இது 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்று, பின் இருபது ஆண்டுகள் விடுபட்டு, 1992இல் பார்சலோனாவில் மீண்டும் சேர்ந்தது. போட்டிகளைக் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, கல்லூரி திறந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் சொல்லி 20 மீட்டர் பாலிபுரொப்பிலீன் கயிறு வாங்கினோம். நைலான் வேண்டாம், அது மூழ்கும். கடைவீதித் தையற்காரர் உரச் சாக்கில் பை தைத்துக் கொடுத்தார். கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்பால் ஆறு வரைந்து எறிந்து பழகினோம். முதல் நாள் இருபது பேர் எறிந்ததில் மூன்று பைகளே குறிக்கருகில் விழுந்தன. ஒன்று விடுதி வார்டன் மேல் விழுந்தது. இப்போது பாதிக்கு மேல் விழுகின்றன. எங்களில் இரண்டாவதாகக் குதித்து மீண்ட நண்பனும் வந்து எறிகிறான். அவன் அதிகம் பேசுவதில்லை, குறி தவறுவதுமில்லை.

அந்தப் பையைத் தடுப்பணைக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். கடைக்காரர் நல்லவர், பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார். ஒரே ஒரு சிக்கல். மழை வந்தால், நனைந்துவிடும் என்று அதை எடுத்து உள்ளே பரண்மேல் வைத்துவிடுகிறார். போன வாரமும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.